வீட்டில் கொடுக்கும் கீமோ மாத்திரை: பெற்றோருக்குச் சில குறிப்புகள்

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது ‘ஏ.எல்.எல்.’ என்ற ரத்தப் புற்றுநோய். முதல் சில மாதங்கள் டிரிப், முதுகுத்தண்டு ஊசி, வார்டு வாசம் என்று கழியும். பிறகு மருத்துவர், “இனி மெயின்டனன்ஸ்” என்பார். குழந்தை வீட்டுக்கு வந்துவிடும். முடி முளைக்கும், பள்ளிக்கூடம் போகும், தெருவில் விளையாடும். ஆனால் சிகிச்சை முடிந்திருக்காது. ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு, சில சிகிச்சை முறைகளில் அதற்கும் மேலாக, தினமும் 6-மெர்காப்டோப்யூரின் மாத்திரையும் வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையும் தொடரும். அந்தக் காலம் முழுக்கக் கீமோ கொடுக்கும் பொறுப்பு வீட்டில் இருப்பவர் கையில்தான். வார்டில் நர்ஸுக்குப் பல மாதங்கள் சொல்லிக்கொடுக்கும் வேலையை, டிஸ்சார்ஜ் ஆகும் அவசரத்தில் அம்மாவிடம் சில நிமிடங்களில் ஒப்படைத்துவிடுகிறார்கள். அதற்காகத்தான் இந்தக் குறிப்புகள். அளவுகளை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் சொன்னதை வீட்டில் பிசகாமல் நடத்துவது எப்படி என்பதே இங்கே பேச்சு.

1. “மாத்திரைதானே” என்று நினைக்காதீர்கள். நரம்பில் ஏற்றியதும் கீமோதான், இதுவும் கீமோதான். 6-எம்.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த மருந்து, செல்கள் பெருகும்போது டி.என்.ஏ. கட்டத் தேவைப்படும் பொருள் ஒன்றைப் போலவே அமைந்தது. புற்றுசெல் அதை ஏமாந்து எடுத்துக்கொள்கிறது, அதன் பிறகு பெருக முடியாமல் அழிகிறது. கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் இருவரும் உருவாக்கிய மருந்து இது. 1953-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1988-ல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. எழுபது ஆண்டுகள் கடந்தும் உலகம் முழுக்க ஏ.எல்.எல். குழந்தைகள் இதைத்தான் விழுங்குகிறார்கள்.

2. குழந்தை நன்றாக இருக்கும்போதுதான் மருந்து மறக்கும். காய்ச்சல் இல்லை, ரிப்போர்ட் நார்மல், முகத்தில் களை வந்துவிட்டது. “ஒருநாள் விட்டால் என்ன?” என்று மனம் கேட்கும். ரத்தப் பரிசோதனையில் தெரியாத அளவுக்குச் சில செல்கள் உடம்பில் ஒளிந்திருக்கலாம். இத்தனை மாதம் மாத்திரை கொடுப்பது அவற்றுக்காகத்தான். மருத்துவர் ஸ்மிதா பாட்டியா தலைமையில் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், மாத்திரை டப்பாவின் மூடியில் மின்னணுக் கருவி பொருத்தி, எந்த நாளில் திறந்தார்கள் என்று பதிவு செய்தார்கள். கொடுக்க வேண்டிய மருந்தில் 95 விழுக்காட்டுக்கும் குறைவாக எடுத்த குழந்தைகளுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மாதத்தில் இரண்டு நாள் தவறினாலே 95-க்குக் கீழே போய்விடுகிறோம். கல்யாண வீடு, ஊர்த் திருவிழா, பாட்டி வீட்டு விடுமுறை இவற்றில்தான் அந்த இரண்டு நாளும் போகும்.

3. சமையலறைச் சுவரில் மாதக் காலண்டர் ஒன்றை இதற்கென்றே மாட்டுங்கள். 6-எம்.பி. பெரும்பாலும் 50 மில்லிகிராம் மாத்திரையாகவே கிடைக்கிறது. குழந்தையின் எடை, உயரத்தை வைத்துக் கணக்கிட்ட அளவுக்கு அது சரியாகப் பொருந்தாது. அதனால் “ஐந்து நாள் ஒன்று, இரண்டு நாள் ஒன்றரை” என்பதுபோல எழுதித் தருவார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பாதீர்கள். மாதத் தொடக்கத்திலேயே ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் அன்றைய அளவை எழுதிவிடுங்கள். கொடுத்து முடித்ததும் பேனாவால் அடியுங்கள். அப்பா கொடுத்தாரா, அம்மா கொடுத்தாரா என்ற குழப்பமும், அதனால் இரண்டு முறை கொடுத்துவிடும் ஆபத்தும் இதில் தீரும். அடுத்த முறை ஓ.பி.க்குப் போகும்போது காலண்டரைப் போட்டோ எடுத்துக் காட்டுங்கள். மருத்துவருக்கு அது ரத்தப் பரிசோதனைக்கு இணையான தகவல்.

4. மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருநாள் மட்டும். இந்த ஒன்றை மட்டும் இரண்டு முறை படியுங்கள். வாரம் ஒருமுறை கொடுக்க வேண்டியதைத் தினமும் கொடுத்ததால் உலகின் பல நாடுகளில் உயிர்கள் போயிருக்கின்றன. வாய் முழுக்கப் புண், ரத்த அணுக்கள் அடியோடு குறைவது, சிறுநீரகப் பாதிப்பு என்று அந்தத் தவறு குழந்தையை வீழ்த்திவிடும். கிழமையை மருத்துவரே முடிவு செய்து சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். “வாரம் ஒன்று” என்றால் போதாது, “செவ்வாய்க்கிழமை மட்டும்” என்று இருக்க வேண்டும். மெத்தோட்ரெக்சேட்டை 6-எம்.பி.யோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள். வேறு நிறத்து டப்பா, வேறு இடம், மேலே கிழமையின் பெயர். அன்று 6-எம்.பி.யும் உண்டா, இல்லையா என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

5. கடையில் வாங்கும்போது அட்டையில் உள்ள மில்லிகிராமைப் பாருங்கள். மெத்தோட்ரெக்சேட் 2.5 மில்லிகிராமிலும் வரும், 10 மில்லிகிராமிலும் வரும். “ஆறு மாத்திரை” என்று பழகிய கை, அட்டை மாறியது தெரியாமல் அதே ஆறைக் கொடுத்தால் நான்கு மடங்கு மருந்து உள்ளே போய்விடும். கம்பெனி மாறினாலும், நிறம் மாறினாலும், கொடுப்பதற்கு முன் மருத்துவமனைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

6. மாத்திரையை வெறும் கையால் தொட வேண்டாம். புற்றுசெல்லை அழிக்கும் மருந்து, நல்ல உடம்பில் இருப்பவருக்குத் தேவையில்லாத நஞ்சு. வீட்டில் கர்ப்பிணியோ, கருத்தரிக்க எண்ணும் பெண்ணோ, பால் கொடுக்கும் தாயோ இருந்தால் அவர்கள் இந்த வேலையையே செய்யக் கூடாது. மற்றவர்கள் மெல்லிய கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அல்லது அட்டையிலிருந்து நேராகச் சின்னக் கிண்ணத்தில் தட்டி, கிண்ணத்தோடு குழந்தையிடம் கொடுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அரை மாத்திரை வேண்டுமென்றால் மருந்துக் கடையில் மாத்திரை வெட்டும் கட்டர் கிடைக்கும். அதை இந்த மருந்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காய் நறுக்கும் கத்தியில் வெட்டாதீர்கள். ஏலக்காய் தட்டும் இடிகல்லில் போட்டுப் பொடிக்கவே கூடாது: தூள் காற்றில் பறந்து மூக்கில் ஏறும், கல்லில் தங்கி அடுத்த நாள் டீயில் இறங்கும்.

7. விழுங்கத் தெரியாத குழந்தைக்கு: ஊசி இல்லாத சிரிஞ்சில் மாத்திரையைப் போட்டுக் கொஞ்சம் வெதுவெதுப்பான நீரை இழுத்து, முனையை மூடி, கரையும் வரை மெல்ல ஆட்டி, அப்படியே கன்னத்தின் ஓரமாகக் கொடுக்கும் முறை உண்டு. தூளே பறக்காது. நர்ஸிடம் ஒருமுறை செய்து காட்டச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். கடைசியில் கொஞ்சம் நீரை இழுத்துச் சிரிஞ்சை அலசி அதையும் கொடுத்தால்தான் முழு அளவும் போய்ச் சேரும். இந்தியாவிலேயே தயாராகும் திரவ வடிவ 6-எம்.பி.யும் 2025-ல் வந்துவிட்டது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் பங்களிப்பில் உருவானது அது. கிடைக்குமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கிடைத்தால், ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கி, சிரிஞ்சால் அளந்தே கொடுங்கள். வீட்டு ஸ்பூன் அளவு சரிப்படாது.

8. எந்த வேளையில் கொடுப்பது? இரவில்தான், வெறும் வயிற்றில்தான், பால் கூடவே கூடாது என்று முன்பு கண்டிப்பாகச் சொன்னார்கள். பின்னால் வந்த ஆய்வுகள், இவற்றைத் தளர்த்தியதால் நோய் திரும்புவது கூடவில்லை என்று காட்டின. தவறாமல் கொடுப்பதுதான் முக்கியம். மருத்துவமனை சொன்ன வேளையை, உங்கள் வீட்டில் தினமும் நிச்சயம் நடக்கும் ஒரு காரியத்தோடு சேர்த்துவிடுங்கள். படுக்கைக்கு முன் பல் தேய்க்கும் நேரம் பல வீடுகளுக்கு ஒத்துவருகிறது.

9. விட்டுப்போன மாத்திரையை மறுநாள் சேர்த்து இரண்டாகக் கொடுக்காதீர்கள். கொடுத்ததும் வாந்தி எடுத்துவிட்டால், எத்தனை நிமிடத்தில் எடுத்தது, மாத்திரை வெளியே தெரிந்ததா என்று பார்த்து வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். மறுபடி கொடுப்பதா வேண்டாமா என்பதை அவர்கள் சொல்லட்டும். அந்த வாந்தியைத் துடைக்கும்போதும், சிறுநீர் பட்ட துணியை எடுக்கும்போதும் கையுறை வேண்டும். அத்துணிகளைத் தனியாகத் துவையுங்கள். கழிப்பறையில் மூடியைப் போட்டு இரண்டு முறை தண்ணீர் விடுங்கள்.

10. தெர்மாமீட்டர் வீட்டில் ஒன்று, பயணப் பையில் ஒன்று. நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போதாது. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் தொட்டுவிட்டால் அது அவசரம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. வெள்ளை அணுக்கள் குறைந்த குழந்தைக்குக் கிருமித் தொற்று சில மணி நேரத்தில் உயிருக்கே வினையாகும். மருத்துவமனையில் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும் என்பது உலகெங்கும் மருத்துவர்கள் வைத்திருக்கும் இலக்கு. பாராசிட்டமால் கொடுத்துச் சூட்டைத் தணித்துவிட்டுக் காத்திருந்தால் தொற்று மறைந்து வளரும். முதலில் அளவெடுங்கள், உடனே போன் செய்யுங்கள், மருந்து அவர்கள் சொன்ன பிறகு. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைப்பதும், அந்த வழியாக மருந்து வைப்பதும் கூடாது. அக்குளில் வைத்தால் கொஞ்சம் குறைத்தே காட்டும் என்பதால், எங்கே வைத்துப் பார்த்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையும் தந்திருந்தால், அதைச் சாப்பிடும் நாட்களில் தொற்று இருந்தும் சூடு ஏறாமல் போகலாம். குழந்தை துவண்டு கிடந்தாலோ குளிரில் நடுங்கினாலோ எண் பார்க்காமல் கிளம்புங்கள்.

தொலைவில் இருக்கும் குடும்பங்களுக்கு இது பெரும் கவலை. சிகிச்சை சென்னையிலோ வேலூரிலோ மதுரையிலோ நடக்கும், வீடு ஐந்து மணி நேரப் பயணத்தில் இருக்கும். காய்ச்சல் வரும் வரை காத்திருக்காமல், இப்போதே உங்கள் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்: குழந்தைக்கு என்ன நோய், என்ன கீமோ, காய்ச்சல் வந்தால் எந்த ஆன்டிபயாட்டிக், யாரை அழைக்க வேண்டும். பக்கத்து அரசு மருத்துவமனையில் இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவருக்கு அந்த ஒரு தாள் போதும். அதை லேமினேட் செய்து ஃபைலின் முதல் பக்கத்தில் வையுங்கள்.

11. ‘கவுண்ட்’ படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். மொத்த வெள்ளை அணுவை நியூட்ரோஃபில் விழுக்காட்டால் பெருக்கி, நூறால் வகுங்கள். மொத்தம் 2,400, நியூட்ரோஃபில் 45 விழுக்காடு என்றால் 1,080. பல மருத்துவமனைகள் மெயின்டனன்ஸ் காலத்தில் இந்த எண்ணை 500-க்கும் 1,500-க்கும் நடுவில் வைத்திருக்கப் பார்க்கின்றன. எண் மேலே ஏறினால் பெற்றோர் மகிழ்கிறார்கள், மருத்துவரோ மாத்திரையைக் கூட்டுகிறார். பல பெற்றோர் இங்கேதான் திகைத்துப்போகிறார்கள். தொடர்ந்து உயர்வாக இருந்தால் மருந்தின் பிடி போதவில்லை என்று பொருள் (அல்லது வீட்டில் மருந்து விட்டுப்போகிறது). மிகவும் இறங்கினால் சில நாள் நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்துவதும் தொடங்குவதும் அவர்கள் சொல்லித்தான்.

12. அளவு சரியாக இருந்தும் கவுண்ட் அடிக்கடி பாதாளத்துக்குப் போனால், மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். டி.பி.எம்.டி., என்.யு.டி.டி.15 என்ற இரண்டு மரபணுக்களின் மாறுபாடு இருந்தால் 6-எம்.பி. உடம்பில் அளவுக்கு மீறித் தங்கும். ஐரோப்பியரிடம் முதலாவது கூடுதல், நம்மிடமும் கிழக்காசிய மக்களிடமும் இரண்டாவது கூடுதல். பழைய மேலைநாட்டுப் புத்தகங்கள் முதலாவதை மட்டுமே பேசும். மாறுபாடு உள்ள குழந்தைக்கு மருந்தை நிறுத்த வேண்டியதில்லை, குறைத்துக் கொடுத்தால் போதும்.

13. சத்து டானிக்கை மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். காரணம் சுவையானது. 1940-களில் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகை மருந்து கொடுத்துப் பார்த்தார். நோய் வேகமெடுத்தது போலத் தெரிந்தது. அப்படியானால் ஃபோலிக் அமிலத்தைத் தடுத்தால் என்ன என்று யோசித்தார். தடுக்கும் மருந்தைச் செய்து கொடுத்தது, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டுப் பாஸ்டனுக்குப் போன எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு. 1948-ல் வெளியான ஃபார்பரின் அறிக்கையில் 16 குழந்தைகளில் 10 பேருக்குத் தற்காலிகமாகவேனும் நோய் தணிந்திருந்தது. அந்த மருந்தின் அடுத்த தலைமுறைதான் உங்கள் வீட்டு மெத்தோட்ரெக்சேட். இதை அறிந்தவர், ஒரு கையில் மெத்தோட்ரெக்சேட்டும் மறு கையில் ஃபோலிக் அமிலம் சேர்ந்த டானிக்கும் கொடுக்க மாட்டார். பல ரத்த விருத்தி டானிக்குகளில் அது உண்டு. கூடவே இருக்கும் இரும்புச் சத்தும், அடிக்கடி ரத்தம் ஏற்றிய குழந்தைக்குத் தேவைப்படாது. ஆனால் கீரையும் பருப்பும் தாராளமாகச் சாப்பிடலாம்.

14. தெருமுனை கிளினிக்கில் “ஒரு ஊசி போட்டுவிடுங்கள்” என்று கேட்காதீர்கள். தட்டணுக்கள் குறைந்த குழந்தைக்குத் தசையில் போடும் ஊசி உள்ளே ரத்தம் கட்ட வைக்கும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் வேண்டாம். யூரிக் அமிலத்துக்குத் தரும் அலோப்யூரினால், 6-எம்.பி.யின் வீரியத்தைப் பல மடங்காக்கும். எந்த மருத்துவரிடம் போனாலும் இரண்டு கீமோ மாத்திரைகளின் பெயரை முதலில் சொல்லுங்கள்.

15. கஷாயம், லேகியம், பப்பாளி இலைச் சாறு, சீந்தில் பொடி என்று அன்போடு கொண்டுவந்து தருவார்கள். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கொடுக்காதீர்கள். 6-எம்.பி., மெத்தோட்ரெக்சேட் இரண்டுமே கல்லீரலை உரசும் மருந்துகள். சீந்தில் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை இந்திய மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். கண் மஞ்சளானால் எதனால் என்று பிரித்தறிய முடியாமல், கீமோவையே நிறுத்த வேண்டி வரும்.

16. அம்மை வந்த வீட்டுப் பக்கம் குழந்தை போய்விட்டால் அன்றே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நோய் தொற்றாமல் தடுக்கும் சிறப்பு ஊசியை 96 மணி நேரத்துக்குள் போட்டால்தான் முழுப் பயன். அதைத் தாண்டிவிட்டாலும் மாற்று மருந்து உண்டு. வேப்பிலை கட்டுவதையும் வேண்டுதலையும் யாரும் தடுக்கவில்லை, ஆனால் இந்தக் குழந்தைக்கு அது மட்டும் போதாது. வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: வகுப்பில் யாருக்காவது அம்மையோ தட்டம்மையோ வந்தால் அன்றே தகவல் வேண்டும்.

17. சிகிச்சை முடிந்து மருத்துவர் அனுமதிக்கும் வரை உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசி எதுவும் குழந்தைக்குக் கூடாது. தம்பி, தங்கைக்குப் போலியோ சொட்டு மருந்து போடும் முன்பும் மருத்துவரைக் கேளுங்கள், ஊசி வடிவப் போலியோ மருந்து உண்டு. வீட்டில் மற்றவர்கள் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வது நல்லது.

18. காலையில் எழுந்ததும் குழந்தை வியர்த்து, துவண்டு, குமட்டலோடு இருந்தால் சர்க்கரை அளவு இறங்கியிருக்கலாம். 6-எம்.பி. சாப்பிடும் சில குழந்தைகளுக்கு, குறிப்பாகச் சின்னக் குழந்தைகளுக்கு, நீண்ட நேரம் வயிறு காய்ந்தால் இது வரும். இனிப்பாக ஏதாவது கொடுத்துவிட்டு மருத்துவரிடம் தெரிவியுங்கள். படுக்கும் முன் சின்னதாக ஓர் ஆகாரம் உதவும்.

19. சாப்பாட்டில் பெரிய விரதம் தேவையில்லை. சுடச்சுட வீட்டுச் சமையல், காய்ச்சி ஆறிய நீர், நாமே தோலுரித்த பழம். தெருவோரம் வெட்டி வைத்த பழமும் பானிபூரியும் கொஞ்ச காலம் காத்திருக்கட்டும்.

20. கீழே உள்ளவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த ஓ.பி. தேதி வரை பொறுக்காதீர்கள்: கண்ணில் மஞ்சள், வாய்ப்புண், தோலில் காரணமில்லாத நீலத் திட்டுகள், ஈறில் ரத்தம், விடாத இருமல், மூச்சிரைப்பு, நிற்காத வாந்தி.

21. ஒரு வார மருந்து கையில் இருக்கும்போதே அடுத்ததை வாங்குங்கள். சிற்றூர்க் கடைகளில் 6-எம்.பி. இருக்காது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எது கிடைக்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். சிகிச்சைக்காகப் போகும் புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு, அதற்கான படிவத்தில் மருத்துவமனை கையெழுத்திட வேண்டும். இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

22. பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் பொறுப்பை முழுதாக ஒப்படைத்துவிடாதீர்கள். மாத்திரையை ஜன்னல் வழியே எறிந்த பிள்ளைகளும் உண்டு, அதில் ஆச்சரியம் இல்லை. மாதக்கணக்கில் குமட்டலோடு வாழ்ந்து களைத்தவர்கள் அவர்கள். திட்டாமல், ஏன் தேவை என்பதை உள்ளபடி விளக்குங்கள். பிறகும், விழுங்கும் வரை பக்கத்தில் இருங்கள்.

23. சிகிச்சை முடிந்த அன்று மிஞ்சிய மாத்திரைகளைக் குப்பையிலோ கழிப்பறையிலோ போடாதீர்கள், நல்லெண்ணத்தில் வேறு குடும்பத்துக்கும் கொடுக்காதீர்கள். மருத்துவமனை மருந்தகத்தில் திருப்பிக் கொடுங்கள். ஃபைலை மட்டும் பத்திரமாக வையுங்கள். முதல் மாதங்களில் ஏற்றிய சில மருந்துகள் பல ஆண்டு கழித்து இதயத்தைப் பாதிக்கக் கூடியவை. எந்த மருந்து, மொத்தம் எவ்வளவு என்று வருங்காலத்தில் ஒரு மருத்துவர் கேட்பார். நகல் எடுத்து ஒன்றைப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள்.